மூன்று விரல் அகலம்

"யார் பழக்கிவிட்டா?" என்று அந்த டாக்டர் கேட்டபோது, "நான்தான்" என்று நான் சொல்லவில்லை. என் கையால் மடித்துக் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. சிகரெட்டை விடவைக்கத்தான் கொடுத்தேன், நல்லதென்று நினைத்துத்தான் கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபடி, வாயோரம் வழிந்த எச்சிலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நீதான் பதில் சொன்னாய்: "படகு ஜெட்டில இருக்கற பசங்களோட சேந்து பழகிருச்சு, டாக்டர்." சொல்லிவிட்டு நீ என்னைப் பார்க்கவில்லை. நான் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலை உனக்கென்று மடித்த ஐந்து வெற்றிலைச் சுருள்கள் வாழைநாரில் கட்டி அந்தப் பைக்குள் இருந்தன.

தம்பி, வியாழக்கிழமை காலை நீ ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல் ஏறுகிறாய். அதற்குள் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மாதமாகப் பார்க்கிறேன். சோறு போடும்போது சொல்லலாம் என்றால் நீ தலை குனிந்து சாப்பிடுகிறாய். துணி மடிக்கும்போது சொல்லலாம் என்றால் ஏதாவது கேலி பேசி என்னைச் சிரிக்கவைத்துவிடுகிறாய். பேச்சில் உன் அம்மா எப்போதுமே ஒதுங்கிப் போகிறவள் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் வேண்டாம். ஆனால் உன் பைக்குள் மட்டும் வைத்து அனுப்பாமல், பிறரும் படிக்கக் கொடுக்கிறேன். நான் செய்ததை நான் ஒருத்தி மட்டும் செய்யவில்லை என்று இப்போது நினைக்கிறேன். நம் ஊரான பெரார்கஞ்சில் எத்தனை வீட்டில் எத்தனை பேர், பிள்ளை சிகரெட்டை விட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.

அந்த அறையை நீ மறந்திருக்க மாட்டாய். டாக்டர் மெயின்லேண்டிலிருந்து வந்த பெண்; என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். "வாயத் திறங்க" என்றாள். திறந்தாய். "இன்னும்." "அவ்ளோதான் டாக்டர், அவ்ளோதான் வரும்." "சரி, உங்க மூணு விரலச் சேத்து நெட்டுக்குத்தா வாய்க்குள்ள விடுங்க பாப்போம்." நீ அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மூன்றாவது விரல் பல்லில் முட்டி நின்றது. அழுத்திப் பார்த்தாய். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர விரல் போகவில்லை. அவள் ஒரு குச்சியால் உன் கன்னத்தை விலக்கி, விளக்கைத் திருப்பி, என்னை அருகில் கூப்பிட்டுக் காட்டினாள். நான் பெற்ற பிள்ளையின் வாய், வேறு யாருடையதோ போல இருந்தது. சிவப்பே இல்லை. மழையில் ஊறிக் காய்ந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. "தொட்டா நார் நாரா இருக்கு பாருங்க. பாக்குனால வர்றது. கூடப் புகையிலையும் சேந்திருக்கு. இறுகினது பழையபடி இளகாது. இத்தோட நிப்பாட்டினா மேற்கொண்டு இறுகாமப் பாத்துக்கலாம். நிப்பாட்டலேன்னா…" அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற எனக்கு அதன் கடைசி வார்த்தை தெரியும்.

பிறகு அவள் கேட்டாள், "சிகரெட்?" உன் முகம் தெளிந்தது. "அத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர். முழுசா. ஒன்னு கூட இல்ல." "எப்படி விட்டீங்க?" "வெத்தல போட்டு." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அந்தப் பேனா மேசையில் பட்ட சத்தம்தான் எனக்கு விழுந்த அடி. இரண்டு வருடமாக நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னதையே நீயும் பெருமையாகச் சொன்னாய். கேட்டவள் பேனாவை வைத்துவிட்டு என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் யார் பழக்கிவிட்டது என்று கேட்டாள்.

உன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து அந்தச் சிகரெட் பெட்டி விழுந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். உனக்குப் பத்தொன்பது வயது. அட்டையில் அழுகிய வாயின் படம். நீ வந்ததும் அதை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தப் படத்தப் பாத்துக்கிட்டேவா குடிக்கிற?" என்று கேட்டேன். பள்ளிக்கூட லைப்ரரியில் தூசி தட்டி அடுக்குகிற வேலை எனக்கு. அச்சடித்த காகிதம் எதையும் படிக்காமல் தூக்கிப் போட வராது. அந்தப் பெட்டியின் முன்னும் பின்னும் படித்தேன். ஆனால் நான் பஜாரில் வாங்குகிற காய்ந்த புகையிலையில், இங்கே தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லாருமே சுக்கா என்று சொல்கிறோமே, அதில் படம் இல்லை. பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தருவார்கள். அந்தப் பொட்டலக் காகிதத்தையும் நான் படிப்பேன். பாதியில் கிழிந்த ஒரு ரேஷன் செய்தி, யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி. அதில் எந்த எச்சரிக்கையும் இல்லாததால் அது எச்சரிக்க வேண்டிய பொருளே இல்லை என்று நினைத்திருக்கிறேன். சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த பெண் "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று ஒவ்வொரு முறை கேட்டபோதும் "சேச்சே, கிடையாது" என்று சொன்னவள் நான். சொன்னபோது என் வாயில் அது இருந்தது.

அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. என் அம்மாவும் அப்பாவும் இலங்கையின் தேயிலை மலையிலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்களின் இடுப்பில் சாவி இருக்கிறதோ இல்லையோ, வெற்றிலைப் பை இருக்கும். பதின்மூன்று வயதில் எனக்குப் பல்வலி வந்தது. டிஸ்பென்சரி தூரம். அம்மா சுக்காவில் ஒரு துணுக்கு கிள்ளிப் பல்லுக்கடியில் வைத்தாள். வலி போனது. அன்றிலிருந்து எந்த வலிக்கும் கை அங்கேதான் போகும். அப்படித்தான் உனக்கும் செய்தேன்.

ஹேவ்லாக்கில் கடலுக்கடியில் டூரிஸ்டுகளைக் கூட்டிப் போகிற வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தாய். சிகரெட் குடிக்கிறவனுக்குத்தான் சிலிண்டரில் காற்று முதலில் தீரும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அன்றே விட்டாய். நான்காம் நாள் வீட்டில் இருந்தாய். ரிமோட்டுக்காக உன் அப்பாவிடம் சண்டை போட்டாய். ஃப்ரிட்ஜ் கதவை உதைத்தாய். பின்வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "மா, தலைக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி இருக்கு. திமாக் கராப் ஆவுது, மூளையே கெட்டுரும் போல. ஒன்னே ஒன்னு. பஜார் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றாய். எனக்குப் பொறுக்காதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். என் வெற்றிலை டப்பாவைத் திறந்து இரண்டு வெற்றிலை, சுண்ணாம்பு, சீவிய பாக்கு, நகக்கண் அளவு சுக்கா. "இதப் போடு." முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றாய். கொஞ்ச நேரத்தில் உன் தோள் இறங்கியது. "பரவால்ல மா, நின்னுருச்சு" என்றாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சிகரெட்டில் எது உன்னை அப்படி ஆட்டிவைத்ததோ அதையேதான் வேறு வாசல் வழியாக உள்ளே விட்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. கூடவே பாக்கு என்ற இன்னொன்றையும்.

அதற்குப் பிறகு தினமும் மடித்தேன். முதலில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. ஹேவ்லாக்கில் பயிற்சி இல்லாத நாட்களில் நீ இங்கே ஜெட்டி வேலைக்குப் போகும்போது டிபன் டப்பாவோடு அதையும் எடுத்துக்கொள்வாய். "சிகரெட்ட விட்டுட்டு வெத்தலைக்கு வந்துட்டான். இன்னும் ரெண்டு வருஷத்துல இவனுக்கு ஒரு பாக்குவெட்டி வாங்கித் தரணும்" என்று அப்பா சிரித்தார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நாம் பௌதி என்று கூப்பிடுகிறோமே, அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, உன் பிள்ளை எப்படி விட்டான், என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டாள். நான் மந்திரத்தைச் சொன்னேன். ஒரு வாரத்தில் அவள் வீட்டுக்காரரும் பீடியை விட்டுவிட்டு வெற்றிலைக்கு வந்துவிட்டார். ஒரு நல்ல காரியத்தை இரண்டு வீட்டில் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடையாளங்கள் எல்லாம் என் கண்முன்னேதான் நடந்தன. குழம்பு காரம் என்றாய். மிளகாயைக் குறைத்தேன். இன்னும் காரம் என்றாய். எங்கள் தோட்டத்துக் கைப்பழக்கம் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் காரத் தேங்காய்ச் சம்பல் அரைப்பதையே விட்டேன். முழு உருண்டையாக வாயில் போடுகிறவன், பருக்கை பருக்கையாகச் சாப்பிட ஆரம்பித்தாய். "நம்ம வீட்டுல ஒரு தொரை வளர்றாருய்யா, பாரு, எப்படி நாசூக்கா சாப்புடுறாரு" என்று அப்பா கேலி செய்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டிலிருந்தே விரலை மடக்கி வைத்து ஒரு சீட்டி அடிப்பாய், நான் உலை வைப்பேன். அந்தச் சீட்டி ஒருநாள் நின்றுபோனது. பிள்ளை வளர்ந்துவிட்டான், இனி ரோட்டில் சீட்டி அடிக்க மாட்டான் என்று நினைத்தேன். உதடு குவியாமல் போயிருக்கிறது. அதை நான் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். தம்பி, எழுதும்போதும் இந்த இடத்தில் கை நின்றுபோகிறது.

கடைசியில் கடல்தான் காட்டிக்கொடுத்தது. தண்ணீருக்கடியில் வாயிலிருக்கிற காற்றுக் குழாயை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கும் பயிற்சி. நீ எடுத்தாய், திரும்ப வைக்க வாய் போதுமான அளவு திறக்கவில்லை. உப்புத் தண்ணீர் உள்ளே போய், வாயெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிந்து, இருமிக்கொண்டு மேலே வந்தாய். உன் பயிற்சியாளர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பேட்டா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரைக்கும் தண்ணில எறங்காத" என்றாராம். அதைக்கூட நீ என்னிடம் பாதிதான் சொன்னாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நான். சிப்பிகாட் தாண்டியதும் நீ மெதுவாகக் கேட்டாய்: "மா, ஒன்னு இருக்கா?" நீ கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அது கேட்கிற நேரம். என்னை உறையவைத்தது என் கை. நீ கேட்டு முடிப்பதற்குள் அது பைக்குள் போய், நாரை அவிழ்த்து, ஒரு சுருளை எடுத்து நமக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நீ என் கையைப் பார்த்தாய். நானும் என் கையைத்தான் பார்த்தேன். உன் விரல்கள் பாதி தூரம் வந்தன. நீ எடுத்துவிடக் கூடாது என்று அதை என் வாயில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று அந்த நொடியில் எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் உன் பக்கம் இருந்ததால் துப்பவும் முடியவில்லை. பெரார்கஞ்ச் வரை விழுங்கினேன். இறங்கியதும் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். "பஸ் ஒத்துக்கல" என்றேன். "ம்" என்றாய். மீதி நான்கு சுருள்களை எறிந்துவிட்டதாக உன்னிடம் சொன்னேன். எறியவில்லை. மறுநாள் நான்தான் போட்டேன்.

அன்றிலிருந்தே நீ விட்டாய். நான் விடவில்லை. இது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாக்குமூலத்தில் இது இருக்க வேண்டும். பதினோரு நாள், வீட்டில் உத்தமியாக இருந்துவிட்டு, லைப்ரரியில் அட்லஸ் அடுக்கியிருக்கிற அலமாரிக்குப் பின்னால் நின்று மென்றேன். பதினோராம் நாள் நான் மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு வந்தாய். "மா, குடை." எனக்கு வாய் நிறைய இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். நீ புரிந்துகொண்டாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். "பரவால்ல மா. துப்பிட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டுக் குடையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாய். வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு மெதுவாக அடித்ததில்லை. துப்பினேன். அதுதான் என் முதல் நாள்.

அதன்பிறகுதான் உன்னிடம் நான் எதைக் கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. உன் பத்தொன்பது வயதில், பின்வாசல் படியில், தலைக்குள் எறும்பு என்று சொன்னாயே, அதை நான் உன் சோம்பேறித்தனம் என்றும் உன் வயது என்றும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். எனக்கு எறும்பு ஓடவில்லை. எனக்குப் பாக்கு விழுந்தது. நம் வீட்டைச் சுற்றி இருபது பாக்கு மரம், மேலே தகரக் கூரை. காற்று அடித்தால் 'டங்' என்று ஒன்று விழும், வாயில் எச்சில் ஊறும், தாடை தானாக அசையும். அந்தச் சத்தம் விழாத மணி நேரமே அந்த வீட்டில் இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். அதைவிட மோசம் வாசிப்பு. ஒரு சுருளுக்கு ஒரு அத்தியாயம் என்று இருபத்தைந்து வருடமாகப் படித்திருக்கிறேன். வெற்றிலை இல்லாமல் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, அர்த்தம் வருவதில்லை. ஒரே பக்கத்தை ஐந்து முறை படித்தேன். புத்தகம் போய்விட்டது என்று நினைத்து, உனக்கோ அப்பாவுக்கோ தெரியாமல் அழுதேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு முழுக் கதையைப் படித்து முடிக்க. இப்போது கதைகள் எனக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரிகின்றன, ஆனால் திரும்பி வந்துவிட்டன.

நான் விட்டபின் பத்தொன்பதாம் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. நான் விட்ட அன்று என் டப்பாவைப் பாக்கு மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோமே, நீதான் மண்வெட்டி பிடித்தாய். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் நான் அதைத் தோண்டி எடுத்தேன். சுக்கா ஈரமாகி, பூஞ்சை பிடித்து, எறும்பு மொய்த்திருந்தது. அதைக் குழாயடியில் பிடித்து, அரிசி களைவதுபோல் களைந்துகொண்டிருந்தேன். நான்தான் அப்படிச் செய்கிறேன் என்பதே தெரியாமல் செய்துகொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து பௌதி, "கியா தோ ரஹீ ஹோ, தீதி?" என்று கேட்டாள். என்ன கழுவுகிறாய் அக்கா என்ற சாதாரணக் கேள்விதான். சுக்காவைத் தண்ணீரோடு விட்டுவிட்டேன். அப்படியே வேலியருகில் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாய், மூன்று விரல், என் கை, நான் அவளுக்குச் சொன்ன யோசனை தப்பு என்பது. அவள் வாயிலிருந்த தாம்பூலத்தை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "அரே, பான் ஸே குச் நஹீ ஹோதா." வெற்றிலையால் ஒன்றும் ஆகாதாம். இரண்டு வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை, அதே தைரியம். அவள் வீட்டுக்காரர் இன்னும் போடுகிறார். ஒரு தப்பான யோசனை எவ்வளவு சுலபமாக வேலி தாண்டுகிறது, அதைத் திரும்பக் கூப்பிட்டால் வருவதில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இதில் பாதி அப்பா சொன்னது. டூரிஸ்ட் வேனை ஓட்டிக்கொண்டு, போலீஸ் காவலோடு வரிசையாகப் போகிற கான்வாயில் காட்டு வழியே பாராடாங் போகிற மனிதர் அவர். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. "செக்போஸ்ட் கேட்டுக்குள்ள போயிட்டா பீடி ஞாபகமே வராது. அந்தப் பக்கம் ஜெட்டில எறங்கின உடனே கை பாக்கெட்டுக்குப் போவும். எறங்க முடியாதுன்னு தெரிஞ்சா மனசு கேக்கறதே இல்ல" என்று ஒருநாள் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வேட்கை வந்தால், பாராடாங் படகில் வண்டியோடு ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். நடு உப்பங்கழியில் இறங்க முடியாது. பத்து நிமிடமோ என்னவோ, அந்தக் கரை தானாக வரும். நான் எதையும் ஜெயிக்க வேண்டாம், நின்றால் போதும். ஒவ்வொரு முறையும் கரை வந்திருக்கிறது. அரை மணியில் திரும்பவும் படகு ஏற வேண்டியிருக்கும், அது வேறு. நீயும் 'இனி வாழ்நாள் முழுக்க' என்று எண்ணாதே. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கே டப்பா ஞாபகம் வருகிறது.

டாக்டர் வாய் திறக்கும் பயிற்சிக்குக் கொடுத்த ஐஸ்கிரீம் குச்சிகளை நீ என்ன செய்தாய் என்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். வேளைக்கு ஒரு தடவை என்றுதான் அவள் சொன்னாள். நீ, வேட்கை வரும்போதெல்லாம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் செருகிக்கொண்டாய். வாய் நிறைந்திருக்கிறது, மெல்ல முடியாது, யாருக்கும் பதில் சொல்லவும் முடியாது. "என்னய்யா ஐஸ் வண்டி, இன்னிக்கு எத்தன குச்சி?" என்று அப்பா கேட்பார், நீ விரல் காட்டுவாய். ஹேவ்லாக்கில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படகில் யாராவது உள்ளங்கையில் கைனிப் புகையிலையைச் சுண்ணாம்போடு தேய்த்து உன் பக்கம் நீட்டுவார்கள். நீட்டுகிறவன் உன் எதிரி இல்லை, நானும் நீட்டியவள்தான். அவனுக்கு உபதேசம் செய்யாதே. குச்சியை வாயில் செருகிக்கொள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். புதிதாக ஒன்றைக் காட்டி, இது வெறும் புதினா, இது வெறும் வாசனைப் பாக்கு, இதைப் போட்டால் அது வேண்டியிருக்காது என்று யார் சொன்னாலும், அது உன் அம்மாவே ஆனாலும், கேட்காதே. ஒருநாள் தவறிப் போட்டுவிட்டால் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. ஏன் என்று கேட்க மாட்டேன். "துப்பிட்டுப் பேசு" என்று மட்டும் சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனைக்குப் போனோம். நீ விரல்களை விட்டாய். மூன்றாவது விரல் அதே இடத்தில் முட்டியது. டாக்டர் அளவுகோலால் அளந்து, பழைய சீட்டோடு ஒப்பிட்டு, "கூடல, ஆனா குறையவும் இல்ல. இறுகறது நின்னிருக்கு" என்றாள். தண்ணீருக்கு மேலே இருக்கிற வேலை செய்யலாம், சிலிண்டர் நிரப்பலாம், படகு ஓட்டலாம், உள்ளே இறங்குவதைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றாள். உன் முகம் விழுந்ததையும் அதை நீ நிமிர்த்திக்கொண்டதையும் பார்த்தேன். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு நீ கீழே மருந்து கவுண்டருக்குப் போனாய். வரிசை நீளம் என்று திரும்பி வந்தபோது சொன்னாய். அந்த வரிசை நீளமாக இருந்ததால்தான் நான் வாய் திறந்தேன்.

"டாக்டர், ஜெட்டிப் பசங்க இல்ல. நான்தான் மடிச்சுக் குடுத்தேன். சிகரெட்ட விடட்டும்னு."

அவள் நிமிர்ந்தாள். "தெரியும்க்கா. அன்னிக்கே உங்க பல்லப் பாத்தேன்." புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே, "நீங்க எத்தன வருஷமா போடுறீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப விட்டுட்டேன். எண்பது நாளுக்கு மேல ஆவுது."

"அதுக்கு முன்ன?"

"பதிமூணு வயசுலருந்து."

"சரி, இங்க வந்து உக்காருங்க."

"எனக்கு ஒன்னும் இல்ல டாக்டர்."

"உங்க பையனும் அப்படித்தான் சொன்னாரு."

மூன்று மாதமாக வீட்டில் கண்ணாடி முன்னால் பலமுறை கையை வாய்வரை கொண்டுபோய்விட்டுக் கீழே இறக்கியிருக்கிறேன். உனக்குத்தான் அந்தச் சோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் முதுகுச் சூடு இன்னும் இருந்தது. அவள் விளக்கை என் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்து, மூன்று விரலைச் சேர்த்து வைத்தேன்.

இரண்டு விரல்தான் நுழைந்தது.